சங்ககிரி டு மாலத்தீவு: மாதச் சம்பளத்தில் போன்ஃபிஷ் பிடிக்கப் போக முடியுமா?

சேலத்தில் தொடங்கும் 544-ம் எண் தேசிய நெடுஞ்சாலை சங்ககிரி, கோவை, பாலக்காடு வழியாகப் போய் கொச்சியில் முடிகிறது. சங்ககிரி லாரிக்காரர்களுக்கு அது தினமும் ஓட்டும் ரூட். அதே ரோட்டைப் பிடித்துக் கொச்சிக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏறினால், உலகெங்கும் தூண்டில்காரர்கள் தேடி அலையும் ஒரு மீன் வாழும் கடலுக்குப் போய்விடலாம். அந்த மீனின் பெயர் போன்ஃபிஷ்.

யூடியூபிலும் இன்ஸ்டா ரீல்ஸிலும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, நீளமான கயிறைத் தலைக்கு மேல் சுழற்றி வீசும் வீடியோக்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். ‘இதெல்லாம் டாலரில் சம்பாதிக்கிறவங்க சமாச்சாரம்’ என்றுதான் முதலில் தோன்றும். அது பாதி உண்மை. சேலம், ஈரோடு, பெங்களூரு என வேலை பார்க்கும் ஓர் இளைஞர் திட்டமிட்டுச் சேமித்தால் எட்டக்கூடிய பயணம்தான் இது. ஆனால் எங்கே செலவைக் குறைப்பது, எங்கே குறைக்கக் கூடாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

போன்ஃபிஷ் என்றால் என்ன?

வெப்பமண்டலக் கடல்களில் வாழும் வெள்ளி நிற மீன். அல்புலா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. உடம்பெல்லாம் சின்னச் சின்ன முள் என்பதால் இந்தப் பெயர். ஓதம் ஏறும்போது ஆழத்திலிருந்து மணல் திட்டுகளுக்கு ஏறி வந்து, மணலைக் கிளறி நண்டு, இறால், புழுக்களைத் தின்னும். தண்ணீர் வற்றும்போது மறுபடி ஆழத்துக்கு இறங்கிவிடும். முழங்கால் அளவே தண்ணீர் இருக்கும் இந்தத் திட்டுகளைத்தான் தூண்டில்காரர்கள் ‘ஃபிளாட்’ என்கிறார்கள்.

இதன் பக்கவாட்டுச் செதில்கள் கண்ணாடி மாதிரி மணலின் நிறத்தையே திருப்பிக் காட்டும். அதனால் பத்தடி தூரத்தில் நின்றாலும் மீன் தெரியாது, நிழல்தான் தெரியும். ‘சாம்பல் பேய்’ என்று ஆங்கிலத்தில் இதற்குப் பட்டப்பெயர் உண்டு. தூண்டிலில் மாட்டியதும் ஒரே ஓட்டத்தில் பல பத்து மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு பாயும். இந்த ஓட்டத்துக்காகத்தான் இவ்வளவு பேர் இவ்வளவு செலவு செய்கிறார்கள்.

ஃபிளை ஃபிஷிங் எப்படி வேறுபடுகிறது?

காவிரிக் கரையில் தூண்டில் போடுபவர்களுக்கு தங்கூஸ், தக்கை, ஈயக்குண்டு, மண்புழு எல்லாம் பழக்கம். அங்கே ஈயத்தின் எடைதான் நரம்பைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. ஃபிளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். இரைக்கு எடையே கிடையாது. கொக்கியில் நூலும் இறகும் கட்டிய போலி இரை, அவ்வளவுதான். எடை இருப்பது கயிறில். தடித்த பிளாஸ்டிக் பூச்சுள்ள அந்தக் கயிறை முன்னும் பின்னும் வீசி, அதன் வேகத்தில் இரையை மீனுக்கு முன்னால் பூப்போல இறக்க வேண்டும். ஈயம் ‘தொபக்’ என்று விழுந்தால், ஆழமில்லாத தண்ணீரில் நிற்கும் மீன் அந்த நொடியே காணாமல் போய்விடும்.

எங்கெல்லாம் கிடைக்கும்?

பஹாமாஸ், அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ், பெலிஸ், கியூபா, பசிபிக்கில் கிரிபாட்டி நாட்டின் கிறிஸ்துமஸ் தீவு ஆகியவை இந்த மீனுக்குப் பேர்போனவை. பஹாமாஸில் ஃபிளாட் மீன்பிடிப்பால் ஆண்டுக்குச் சுமார் 14 கோடி டாலர் வருவதாக 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஒரு மீனை நம்பி கைடு, படகோட்டி, விடுதி என்று எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பதை அந்த எண் சொல்லும்.

இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸின் வெளித்தீவுகளும் மொரீஷியஸின் செயின்ட் பிராண்டனும் பிரபலம். ஆனால் அங்கே ஒரு வாரத்துக்கே பல ஆயிரம் டாலர் கேட்பார்கள். பட்ஜெட் பயணத்துக்கு அது செட் ஆகாது. அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு முன்னால் இருப்பவை இரண்டு: லட்சத்தீவு, மாலத்தீவு.

லட்சத்தீவா, மாலத்தீவா?

‘மாலத்தீவு வேண்டாம், லட்சத்தீவே போதும்’ என்ற பேச்சு 2024 ஜனவரியில் சமூக வலைதளங்களில் பெரிதாக எழுந்தது நினைவிருக்கும். நிலவியல்படி இரண்டும் ஒரே கடலடித் தொடரில் அமைந்த பவளத் தீவுகள். லட்சத்தீவின் மினிக்காய் தீவில் பேசும் மொழியும் மாலத்தீவின் திவேஹி மொழிதான்.

ஆனால் திட்டமிடும்போது வித்தியாசம் தெரியும். லட்சத்தீவுக்குள் போக இந்தியர்களுக்கே முன் அனுமதி வேண்டும். 1967-ல் கொண்டுவந்த நுழைவுக் கட்டுப்பாட்டு விதிகள் அதற்கு அடிப்படை. நினைத்த தீவில் இறங்கி, தனியாக நடந்து தூண்டில் போடுவது அங்கே எளிதல்ல. மீன்பிடிக்கும் திட்டத்தை அனுமதி கேட்கும்போதே தெளிவாகச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

மாலத்தீவில் இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா அனுமதி இறங்கும் இடத்திலேயே இலவசம். ரிட்டர்ன் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் புக்கிங்கும் காட்ட வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ இணையதளத்தில் படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. முன்பு மாலத்தீவு என்றால் ரிசார்ட் மட்டும்தான். 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி கிடைத்தது. சாதாரண சம்பளக்காரருக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும். மாலத்தீவு பஹாமாஸ் அல்ல. போன்ஃபிஷ் இருக்கிறது, கூட்டம் கூட்டமாக எல்லா இடத்திலும் இல்லை. பாறை மீன் வகைகள், டிரிகர் மீன் போன்றவையும் அதே திட்டுகளில் மேயும். ‘போன்ஃபிஷ் கிடைத்தால் மட்டுமே வெற்றி’ என்று கிளம்புபவர் ஏமாற வாய்ப்பு அதிகம்.

உண்மையில் எவ்வளவு ஆகும்?

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே தருவது விலைப்பட்டியல் அல்ல, கணக்குப் போடும் முறை. இரண்டு நண்பர்கள், 7 இரவுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலர் 90 ரூபாய் என எடுத்துக்கொள்ளலாம். கீழே வருவது ஒருவருக்கான பங்கு.

- அறை வாடகை இரவுக்கு 60 டாலர் என்றால், பாதிப் பங்கு 30. ஏழு இரவுக்கு 210 டாலர்.
- பசுமை வரி: 50 அறைகள் வரை உள்ள கெஸ்ட் ஹவுஸ்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 டாலர். மொத்தம் 42 டாலர்.
- சாப்பாடு நாளைக்கு 25 டாலர் என்றால் 175 டாலர்.
- தீவுக்குப் போய்வர ஸ்பீட் படகு 100 டாலர்.
- படகோடு கைடு, ஒரே ஒரு நாள், 300 டாலர் என்றால் பாதிப் பங்கு 150 டாலர்.

கூட்டினால் 677 டாலர், அதாவது சுமார் 61,000 ரூபாய். விமான டிக்கெட் 25,000 ரூபாய் என்று வைத்தால் 86,000. முதல் முறை வாங்கும் தூண்டில் சாமான்களுக்கு 25,000 சேர்த்தால் 1,11,000 ரூபாய். மாதம் 7,500 ரூபாய் எடுத்து வைத்தால் 15 மாதத்தில் சேரும் தொகை.

இப்போது இதே கணக்கில் கைடை ஒரு நாளுக்குப் பதில் 6 நாள் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் பங்கு 150 டாலரிலிருந்து 900 டாலராகிறது. கூடுதல் செலவு 67,500 ரூபாய். விமான டிக்கெட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! டிக்கெட்டில் ஆயிரம், ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்க ராத்திரி முழுக்க ஆப்பைப் புரட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். போன்ஃபிஷ் பயணத்தில் பெரிய செலவு படகும் கைடும். அந்தத் தேவையைக் குறைத்தால்தான் பட்ஜெட் குறையும்.

கவனிக்க இன்னும் சில: அறை விலையில் சுற்றுலா ஜிஎஸ்டியும் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஜிஎஸ்டி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். 2024 டிசம்பரில் உயர்த்திய புறப்பாட்டு வரி விமான டிக்கெட் விலைக்குள்ளேயே வந்துவிடும். ஏஜென்சியிடம் முழு வெளிநாட்டுப் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், கையிலிருந்து முதலில் போவது போவதுதான்.

கைடு இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

மூன்று விஷயங்கள் வேண்டும். மூன்றையும் சங்ககிரியில் இருந்துகொண்டே தயார் செய்யலாம்.

முதலாவது, இடம். அறையிலிருந்து நடந்தே போகக்கூடிய ஃபிளாட் உள்ள தீவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாட்டிலைட் மேப்பில் வெளிர் நீலமாகவும் மணல் நிறமாகவும் அகலமாகத் தெரியும் பகுதிகள், பக்கத்திலேயே கருநீலக் கால்வாய் — இதுதான் அடையாளம். படம் எடுத்த தேதியையும் பார்க்க வேண்டும். மாலத்தீவில் கடலை மணல் கொட்டித் தூர்த்து நிலமாக்கும் வேலைகள் வேகமாக நடக்கின்றன. இந்திய எக்ஸிம் வங்கிக் கடனில் அட்டு நகரில் நடந்த திட்டமும் அதில் ஒன்று. பழைய படத்தில் தெரியும் ஃபிளாட் இன்று ரோடாக இருக்கலாம். கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டியது ‘மீன் கிடைக்குமா’ என்றல்ல. ‘தண்ணீர் வற்றும்போது எவ்வளவு தூரம் நடக்கலாம், அங்கே தூண்டில் போட அனுமதி உண்டா’ என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதத்தின் ஏற்ற இறக்கம் அதிகம். அந்த வகையில் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே முதல் ஓத அட்டவணை. ஓதம் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். எனவே காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணிக்குள் தண்ணீர் ஏறும் வாரமாகப் பார்த்து டிக்கெட் போட வேண்டும். வெயில் உச்சியில் இருந்தால்தான் மீனின் நிழல் தெரியும். மாலத்தீவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம். அதில் பிப்ரவரிக்குப் பிறகு காற்றும் அடங்கும். வரும் சில ஆண்டுகளில் ரமலான் நோன்பு இதே பருவத்தில் வருகிறது. அப்போது பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். சாப்பாட்டு ஏற்பாட்டை முன்பே பேசி வைக்க வேண்டும்.

மூன்றாவது, கை. போன்ஃபிஷுக்கு 40 முதல் 60 அடி தூரம், காற்றை எதிர்த்து, நாலைந்து நொடிக்குள் வீசத் தெரிய வேண்டும். இதை அங்கே போய்க் கற்றுக்கொள்வதைப் போல காஸ்ட்லியான வகுப்பு வேறில்லை. லீவு நாளில் காலியாகக் கிடக்கும் பள்ளி மைதானம் போதும். கொக்கிக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டி, ஒரு தட்டை இலக்காக வைத்து, தினம் அரை மணி நேரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கு மாவட்டங்களுக்கு வரும் ஆடிக் காற்று இதற்குக் கிடைத்த இலவச வாத்தியார். அந்தக் காற்றில் நேராக வீசப் பழகிவிட்டால், கடல் காற்று பெரிதாக மிரட்டாது.

அடுத்த கட்டமாகக் காவிரியில் ஜிலேபி மீன்களை வைத்துப் பழகலாம். ஏரி, குளம் என்றால் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. மேட்டூர் அணை போன்ற நீர்த்தேக்கங்களில் மீன்வளத் துறையின் விதிகள் உண்டு. கடைசி ஒத்திகைக்கு ஒரு வார இறுதியில் நம் கடலோரக் கழிமுகம் ஒன்றுக்குப் போய்வந்தால், உப்புத் தண்ணீர் ரீலை என்ன செய்யும் என்பதும் தெரிந்துவிடும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பாதுகாக்கப்பட்டவை. அந்தப் பக்கம் திட்டமிட வேண்டாம்.

என்னென்ன வாங்க வேண்டும்?

நான்கு துண்டாகப் பிரியும் 9 அடி ராட், ‘8 வெயிட்’ அளவு. உப்புத் தண்ணீர் தாங்கும், நல்ல பிரேக் உள்ள ரீல். வெப்பமண்டலத்துக்கான மிதக்கும் கயிறு. குளிர்நாட்டுக் கயிறு வெயிலில் இளகிக் குழையும். அதற்குப் பின்னால் குறைந்தது 150 கெஜம் பேக்கிங் நூல். முன்னால் 9 முதல் 12 அடி நரம்பு. காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் ராடில் பிடிக்கலாம். கயிறிலும் கண்ணாடியிலும் பிடிக்கக் கூடாது. போலரைஸ்டு கண்ணாடி இல்லையென்றால் மீனே தெரியாது, மற்றதெல்லாம் வீண்.

போலி இரையை வீட்டிலேயே கட்டலாம். இந்த மீனுக்கான மிகப் பிரபலமான இரை ‘கிரேஸி சார்லி’. 1970-களில் பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் பிறந்தது. சார்லி ஸ்மித் என்ற கைடின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொக்கி, நூல், மணிச் சங்கிலியிலிருந்து வெட்டிய இரண்டு குண்டுகள், கொஞ்சம் இறகு அல்லது முடி. அவ்வளவுதான். கோழிக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில் நாட்டுச் சேவலின் கழுத்து இறகுக்குப் பஞ்சமா என்ன!

கொக்கிகளும் ராடும் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் ஆகியவற்றை மாலத்தீவுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. பையின் ஓரத்தில் அம்மா வைத்துவிட்ட சின்னப் பிள்ளையாரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

எதில் மிச்சம் பிடிக்கவே கூடாது?

பாதுகாப்பில். ஃபிளாட்டில் தனியாகப் போகக் கூடாது. பவளம் கீறினால் புண் சீக்கிரம் ஆறாது. மணலில் புதைந்திருக்கும் கல் மீனின் முள் உயிருக்கே ஆபத்து. கெட்டியான அடிப்பாகமுள்ள ஷூ கட்டாயம். திருக்கை மீனை மிதிக்காமல் இருக்க, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். ஓதம் ஏறும்போது முன்னால் மீனையே பார்த்துக்கொண்டு நின்றால், பின்னால் வந்த வழி கால்வாயாகிவிடும். திரும்பும் நேரத்தை போனில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. பயணக் காப்பீடும், முதல் நாள் ஒரே ஒரு நாளாவது உள்ளூர் கைடும் வேண்டும் என்பது இதனால்தான். அந்த ஒரு நாளில் அவர் காட்டும் வழி, மிச்ச ஐந்து நாளுக்கும் உதவும்.

பிடித்த மீனை என்ன செய்வது?

விட்டுவிட வேண்டும். பெலிஸ் நாடு 2009-லேயே போன்ஃபிஷைப் பிடித்தால் விட வேண்டும் என்று சட்டம் போட்டது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் காணப்படும் ஒரு போன்ஃபிஷ் இனத்தை, அழியும் வாய்ப்புள்ளது என்று ஐயுசிஎன் பட்டியலிட்டிருக்கிறது.

ஆனால் ‘விட்டுட்டேன்’ என்பதால் மட்டும் மீன் பிழைத்துவிடாது. போட்டோவுக்காகக் காற்றில் தூக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு நொடியும் அதைத் தளர வைக்கும். தளர்ந்த மீன் விட்ட அடுத்த நிமிடமே சுறாவுக்கு இரையாகலாம். எனவே கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, கொக்கியைக் கழற்றிவிட வேண்டும். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் வேலை சுலபம். இது ஒன்றும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த நாகரிகம் அல்ல. மாலத்தீவிலும் மினிக்காயிலும் தலைமுறை தலைமுறையாகக் கம்பால் சூரை பிடிப்பவர்களின் கொக்கிகளுக்கும் எதிர்முள் கிடையாது.

‘சாப்பிடாத மீனை எதற்குப் பிடித்துத் துன்புறுத்த வேண்டும்?’ என்ற கேள்வியும் நியாயமானதுதான். விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதை சுவிட்சர்லாந்து 2009 முதல் தடை செய்திருக்கிறது. மறுபக்கம், தூண்டில்காரர்கள் தரும் வருமானம்தான் பல ஊர்களில் வலைகளிடமிருந்து ஃபிளாட்களைக் காப்பாற்றுகிறது என்பதும் உண்மை. காவிரியிலேயே இந்த வழக்கு நடந்தது. கர்நாடகத்தின் பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களில் மஷீர் மீனைப் பிடித்து விடும் விளையாட்டு பல ஆண்டுகள் நடந்து, வனவிலங்குச் சரணாலயத்துக்குள் கூடாது என்று நின்றுபோனது. அந்த மஷீர் இனம் 2018-ல் மிக அருகிய நிலையில் உள்ளதாக ஐயுசிஎன் பட்டியலில் சேர்ந்தது. இரு தரப்பும் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கின்றன.

பயணம் போகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எண்ணிக்கையைக் குறைப்பது. ஆறு நாளில் இரண்டு மீன், இரண்டும் பத்திரமாகத் திரும்பிப் போனால் அது நல்ல பயணம்.

எப்போது தொடங்கலாம்?

ஆடியில் வீசிப் பழக ஆரம்பித்தால், அடுத்த ஆண்டு மாசி, பங்குனிக்குள் கை படிந்திருக்கும். காசு பாதிக்கு மேல் சேர்ந்திருக்கும். அவசரமில்லை, அதற்கு அடுத்த ஆண்டு போகலாம். கடன் வாங்கியோ கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டோ கிளம்ப வேண்டிய பயணம் அல்ல இது. சேமிக்கும் அந்த மாதங்களே பயிற்சிக் காலமும்கூட. வீசக் கற்றுக்கொண்டு போகிறவருக்கு ஒரு நாள் கைடு போதும். கற்காமல் போகிறவருக்கு ஆறு நாள் கைடு வைத்தாலும் மீன் நிழலாக மட்டுமே தெரியும்.